அரிய மலைப் பூக்களைப் பதிவு செய்யப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூ கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மூன்று மணி நேரம் ஏறி, மூச்சு வாங்க நிற்கும்போது பாறை இடுக்கில் நீலமாக ஒன்று தெரியும். எல்லோரும் மண்டியிடுவார்கள், போன்கள் வெளியே வரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நாற்பது படம் சேர்ந்திருக்கும். நாற்பதிலும் அதே பூவின் முகம்தான்.

வீட்டுக்கு வந்து இனம் கண்டுபிடிக்க உட்காரும்போது சங்கடம் ஆரம்பிக்கும். மலைகளில் நீலமாகப் பூக்கும் ஜென்ஷியன் போன்ற பேரினங்களில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு, ஜீனஸ்) ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க இதழின் அழகு உதவாது. புல்லி வட்டத்தின் (பூவின் அடியில் இருக்கும் உறை) பற்கள் என்ன வடிவம், இலை எங்கே அகலமாகிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அது எதுவும் படத்தில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய தாவரவியலாளரும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வார்.

எனவே படம் எடுக்க ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுச் செடி, அப்புறம் பூ முன்னாலிருந்து, பிறகு புல்லி தெரியும்படி பக்கவாட்டில். இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் மயிர் இருக்கிறதா, காய் இருந்தால் அது. கடைசியாக நாலடி பின்னால் போய்ச் செடி நிற்கும் இடம். ஒரு படத்திலாவது சிறிய அளவுகோல் இருக்கட்டும். நிறத்தைக் கண்ணால் பார்த்து நோட்டில் எழுதிவிடுங்கள். நீலப் பூக்களைக் கேமரா ஊதாவாக்கிவிடுவது வழக்கம்.

அடுத்தது இடம். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். முதல் பயணத்தில் என் நோட்டில் "பெரிய பாறைக்குக் கீழே, ஓடையைத் தாண்டி இடப்பக்கம்" என்று எழுதியிருந்தேன். மறு வருடம் அதே சரிவில் நின்றபோது பெரிய பாறைகள் பதினொன்று இருந்தன. ஓடை வற்றியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்து நின்றால் இடப்பக்கம் என்பதும் எழுதவில்லை. ஒரு காலைப் பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

ஜிபிஎஸ் இருந்தாலும் தவறு நடக்கும். போனைத் திறந்தவுடன் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளாதீர்கள். செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில் நின்றால் துல்லியம் குறையும். ஒரு நிமிடம் பொறுத்து, எத்தனை மீட்டர் பிழை என்று போன் காட்டும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஆள்கூற்றில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்) புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்றால் துல்லியம் சுமார் ஒரு கிலோமீட்டர். நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர். கைப்பிடி அளவுச் செடியைத் தேடுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். போன் காட்டும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம், வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

சரி, இடத்தைத் துல்லியமாகக் குறித்தாயிற்று. உடனே அதை ஊருக்கெல்லாம் சொல்வதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் தவறு. பிரிட்டனில் லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பறித்துப் பறித்தே அருகிப்போய், 1917-இல் அழிந்துவிட்டது என்றே அறிவிக்கப்பட்டது. 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி தென்பட்டது. அந்த இடத்தைப் பல பத்தாண்டுகள் ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். சீனாவின் ஹெங்துவான் மலைகளில் மருந்துக்காகத் தோண்டப்படும் ஃபிரிட்டிலேரியா டெலவாயி என்ற செடியைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதர்கள் அதிகம் தோண்டும் இடங்களில் அது பாறையின் நிறத்துக்கே மாறி ஒளிந்துகொள்கிறதாம். செடிக்கே அந்த நிலைமை என்றால் நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதில் தப்பில்லை.

செடி, பூச்சி, பறவை என்று பார்த்ததை யாரும் படத்தோடு பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம், ஆபத்திலிருக்கும் இனமென்று குறிக்கப்பட்டவற்றின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடும். புள்ளி இருபது கிலோமீட்டர் அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ விழும். ஆனால் பெயர் தெரியாமல் "ஏதோ ஒரு பூ" என்று ஏற்றினால் தளத்துக்கு அது அரிய இனம் என்று எப்படித் தெரியும்? இடத்தை மறைக்கும் தேர்வை நீங்களே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் அதற்குள் இருக்கும் ஆள்கூறும் கூடவே போகும். பின்னணியில் தெரியும் மலைமுகட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு.

இன்னொன்று, பூ இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பியதாக நினைப்பது. ஜென்ஷியன்கள் மேகம் மூடிக் குளிர்ந்தால் பூவைச் சுருட்டிக்கொள்ளும். கண்முன்னே இருந்தாலும் புல்லோடு புல்லாகத் தெரியும். சில ஆர்க்கிட்டுகள் ஓரிரு வருடம் மண்ணுக்கு மேலேயே வராமல் உறங்கும். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். ஆகவே "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தத் தடத்தில் தேடினீர்கள், வானிலை என்ன என்று எழுதினால் அதுவும் நல்ல பதிவுதான். பூத்ததை மட்டும் எழுதிக்கொண்டே வந்தால், எங்கிருந்து செடி காணாமல் போனது என்பது யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கையில் வரும் குழப்பம் வேறு வகை. ஒருவர் பூக்களை எண்ணுவார், இன்னொருவர் தண்டுகளை, மூன்றாமவர் கொத்துகளை. 30, 12, 4 என்று மூன்று எண் வரும், மூன்றும் சரி. ஏறும் முன்பே எதை எண்ணப் போகிறோம் என்று பேசி, அதையும் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.

கால் வைக்கும் இடத்தைக் கவனிக்காததும் உண்டு. உயரத்தில் பாசி போல மெத்தையாகப் படர்ந்திருப்பது பல நேரம் பூச்செடியே. சைலீன் அகாலிஸ் அப்படி ஒன்று. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், 300 வயதைத் தாண்டியவையும் இருக்கின்றன. பக்கத்துச் செடியைப் படமெடுக்க அதன்மேல் முழங்காலை ஊன்றுகிறோம். பாறைமேல் நில்லுங்கள், ஒவ்வொருவராகப் போங்கள். படத்துக்கு இடைஞ்சல் என்று சுற்றியுள்ள புல்லைப் பிடுங்காதீர்கள், அந்த மறைவுதான் அதற்குப் பாதுகாப்பு. அனுமதியில்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. கிளம்பும் முன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். கீழிருந்து களை விதைகள் அதில்தான் மேலே ஏறுகின்றன.

படத்தை வைத்து இனம் காட்டும் போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்தி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். தவறான பெயரைப் பின்னால் கண்டுபிடித்துத் திருத்துவது பெரும்பாடு.

இறங்கி வந்ததும் எல்லோருக்கும் உடம்பு வலிக்கும், "குறிப்புகளை நாளைக்குக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று தோன்றும். நாளை மறுநாள் ஆகும். மூன்றாம் நாள் ஈரத்தில் ஊறிய தாளைப் பிரித்து, அது 7-ஆ 1-ஆ என்று உற்றுப் பார்ப்பீர்கள். அன்றிரவே, பக்கத்தில் ஒருவர் படிக்க இன்னொருவர் தட்டச்சு செய்தால் முக்கால் மணி நேர வேலை. பேனா வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள். மழையில் நனைந்தாலும் கரையாது.