பழைய செடானுக்கு பிரேக் அப்கிரேடு: நான் பண்ண தப்பு, நீங்க பண்ணாதீங்க

காலைல அஞ்சு மணி. காசிமேட்டுல இருந்து மீன் ஏத்திக்கினு வர்ற டெம்போ ஒன்னு எனக்கு முன்னாடி, பின்கதவு இடுக்குல இருந்து ஐஸ் தண்ணி ரோட்ல ஊத்திக்கினே போகுது, நான் முந்தின நாள் சாயந்திரம்தான் புது பிரேக் பேட் போட்ட குஷில பின்னாடியே வரேன். டெம்போ சடார்னு நிக்குது. நானும் மிதிக்கறேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி அது பாட்டுக்கு போய்க்கினே இருக்கு. ஒரு ஜாண் இடைவெளில நின்னுச்சு. டெம்போக்காரர் கண்ணாடில பாத்துட்டு "இன்னா தல, வண்டி புச்சா?"ன்னு கேட்டாரு. புச்செல்லாம் இல்ல, இருபது வயசு ஆகப்போற ஆக்டேவியா 1.8 டர்போ. புச்சா இருந்தது பேட் மட்டும்தான், அதுவும் ரேஸ் டிராக்ல போடற பேட். அதுக்கு குடுத்த துட்டுல நல்ல டயர் ரெண்டு வாங்கிருக்கலாம்.

ரேஸ் பேடோட சங்கதி என்னன்னா அதுக்கு சூடு வேணும். வீலோட சுத்தற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அமுக்கி பிடிக்கறதுதான் பேட், அந்த டிஸ்க் 200, 300 டிகிரிக்கு ஏறினாத்தான் இது ஒழுங்கா கடிக்கும், அதுக்கு முன்னாடி கம்பெனி பேடை விட மோசம். தண்டையார்பேட்டைல கிளம்பி மணலி போற வரைக்கும் கண்டெய்னர் லாரிக்கு நடுவுல 20ல, 30ல ஊர்ந்து போற வண்டிக்கு டிஸ்க் எங்க இருந்து சூடாகும்? கத்தும், டிஸ்க்கை அரைச்சுத் தின்னும், வீல் பூரா கருப்பு பொடி, அவ்ளோதான் லாபம். வாங்கறப்போ பேடோட ஓரத்துல அச்சடிச்சிருக்கற ரெண்டு எழுத்தை பாருங்க. மொதல் எழுத்து சூடு கம்மியா இருக்கறப்போ எவ்ளோ பிடிக்கும்னு சொல்லும், ரெண்டாவது நல்லா சூடான பிறகு. ஈன்னா 0.25ல இருந்து 0.35, எஃப்னா 0.35ல இருந்து 0.45, ஜின்னா அதுக்கும் மேல 0.55 வரைக்கும். ரோட்டுக்கு ரெண்டு எழுத்தும் எஃப்பா இருந்தா தாராளம். கூடவே ஐரோப்பாவோட ஆர்90 முத்திரை இருந்தா இன்னும் நல்லது, கம்பெனி பேடோட நடத்தைல இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக்கூடாதுன்னு டெஸ்ட் பண்ணி குடுக்கற முத்திரை அது.

இத விட பெரிய தப்பு ஒன்னு இருக்கு. பிரேக் பத்தலன்னு நாம நினைக்கறோமே, நெஜமா பத்தலியான்னு யாரும் பாக்கறதே இல்ல. காலி ரோட்ல 60ல போயி ஒரே மிதியா மிதிச்சு பாருங்க. ஏபிஎஸ் கடகடன்னு காலை உதைக்குதா, இல்ல ஏபிஎஸ் இல்லாத வண்டின்னா வீல் லாக் ஆகி கிரீச்சுங்குதா? அப்போ பிரேக்குக்கு பலம் இருக்கு, டயருக்குத்தான் பிடி இல்ல. 100ல இருந்து நிக்கறதுக்கு காஞ்ச தார் ரோட்ல நல்ல டயர்னா சுமார் 50 மீட்டர், அதே ரோட்ல மீன் தண்ணியோ முதல் மழையில நிலக்கரி தூசு ஊறின சகதியோ இருந்து பிடி பாதியா கொறஞ்சா 100 மீட்டர். லாக் ஆகற வண்டில, பிஸ்டனால பேடை டிஸ்க் மேல அமுக்கற காலிப்பரை எட்டு பிஸ்டனோட மாட்டினாலும் இந்த நம்பர் ஒரு அடி கூட கொறையாது. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2318னா 2018ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் இன்னும் ஆழமா இருக்குன்னு சொல்லிக்கினு ஏழெட்டு வருஷ டயர்ல ஓட்டறவங்கதான் காலிப்பர் விலை விசாரிக்கறாங்க, நானும் அப்படித்தான் விசாரிச்சேன்.

அப்போ பெரிய பிரேக் எதுக்குத்தான்? சூட்டுக்கு. ஆளோட சேத்து 1400 கிலோ வண்டியை 100ல இருந்து ஒரு தடவை நிறுத்தினா 540 கிலோ ஜூல் சூடு டிஸ்க்குலயும் பேட்லயும் இறங்குது, 1000 வாட் இஸ்திரி பெட்டி ஒன்ன 9 நிமிஷம் எரிச்ச கணக்கு. 60ல இருந்துன்னா 3 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். திருப்பி திருப்பி வேகமா போயி வேகமா நிறுத்தற எடத்துலதான் பெரிய டிஸ்க்குக்கு வேலை. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இறங்கறப்போ சூடு ஏறும், உண்மைதான், ஆனா அங்க ரெண்டாவது கியர்ல இறங்கத் தெரியாதவனுக்கு எந்த பெரிய பிரேக் கிட்டும் பத்தாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல நீங்க பிரேக்கை சூடாக்கணும்னா கண்டெய்னர்காரங்க வழி விடணும், விட்டுடுவாங்களா?

அதனால மொதல்ல பழைய பிரேக்கை புதுசா இருந்தப்போ எப்படி இருந்துச்சோ அந்த நிலைமைக்கு கொண்டாங்க. என் வண்டில ரேஸ் பேட் போடறதுக்கு முன்னாடி கழட்டின பழைய பேடை தூக்கிப் போடறதுக்குள்ள கையில வச்சு பாத்திருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும். உள் பக்க பேட் பிஸ்கெட் கணக்கா தேஞ்சிருக்கு, வெளி பக்கம் பாதி அப்படியே இருக்கு. காலிப்பர் ஸ்லைடு ஆகற பின் துரு ஏறி ஜாம், அதான் விஷயம். திருவொத்தியூர், ராயபுரம் பக்கம் கடலோரமா வண்டி நிறுத்தறவங்களுக்கு இது சகஜம், உப்புக் காத்து சும்மா விடாது. வியாசர்பாடில நான் விடற ஷெட்ல அண்ணன் அந்த பின்னை பானா வச்சு தட்டித்தான் வெளிய எடுத்தாரு. துருவை சுத்தம் பண்ணி, பின்னை மூடற ரப்பர் பூட் மாத்தி கிரீஸ் வைக்கணும், ஆனா சேஸிஸுக்கு அடிக்கற சாதா கிரீஸை வச்சீங்கன்னா ரப்பர் ஊதிப் போயி ஆறு மாசத்துல பழைய கதை. சிலிக்கான் கிரீஸ் கேட்டு வாங்குங்க. அப்புறம் பூஸ்டர், என்ஜின் வேக்கத்தை வச்சு நம்ம மிதிக்கு பலம் சேக்கற டப்பா. என்ஜின் ஆஃப்ல பெடலை அஞ்சாறு தடவை மிதிச்சுட்டு, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்கலன்னா வேக்கம் ஹோஸ்லயோ வால்வுலயோ லீக்கு, பெடல் கல்லு மாதிரி இருக்கறதுக்கு பாதி காரணம் அதான். எனக்கு அதுவும் இருந்துச்சு, சில நூறு ரூபா ஹோஸ்.

ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை குடிக்கும், சென்னைல அதுக்கு நல்ல தீனி. டாட் 4ங்கற தரத்து ஆயில் சீல் உடைக்கறப்போ 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி கலந்த பிறகு 155 டிகிரி தாங்கினா போதும்னுதான் விதியே சொல்லுது. கொதிச்சா ஆவி, ஆவி வந்தா பெடல் பஞ்சு. டாட் 5.1னா 260, 180. ரெண்டுக்கும் நடுவுல டாட் 5னு ஒன்னு இருக்கே அது சிலிக்கான், மத்ததோட சேராது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது, நம்பர் பெருசா இருக்குன்னு வாங்கிடாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், போன தடவை தொறந்த பாட்டில்ல மிச்சம் இருக்கறத ஊத்தக்கூடாது, பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, பெயின்டை உரிச்சுடும்.

ஆயில் லைன்ல சிக்கின காத்தை வெளியேத்தறதுக்கு ஏர் எடுக்கறதுன்னு பேரு, அதுல எல்லா ஷெட்லயும் பண்ற தப்பு, உள்ள ஒருத்தர் உக்காந்து பெடலை தரை வரைக்கும் போட்டு மிதிக்கறது. புது வண்டில பரவால்ல. பெடலை மிதிச்சா ஆயிலை தள்ளற மாஸ்டர் சிலிண்டர் இருபது வருஷம் பழசுன்னா, அதுல தினம் ரப்பர் போய் வர்ற எடம் வழவழன்னு இருக்கும், அதுக்கு அப்பால எப்பவுமே போகாத எடத்துல துரு உக்காந்திருக்கும், முழுசா மிதிச்சா ரப்பர் அந்த துரு மேல ஏறி கிழிஞ்சுடும். காலைல ஏர் எடுத்த வண்டி சாயந்திரம் பெடல் மெதுவா உள்ள போகுதுன்னு திரும்பி வரும், "நல்லா இருந்த மாஸ்டரு எப்படி போச்சுன்னே தெரிலண்ணே"ன்னு சொல்லுவாங்க. பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க, முடிஞ்சுது.

இதெல்லாம் முடிச்சும் பெரிய பிரேக்தான் வேணும்னா சரி, கணக்கு போட்டுட்டு போடுங்க. நாலு பிஸ்டன்னா நாலு மடங்குன்னு நினைக்கறாங்க. ஆக்டேவியா மாதிரி வண்டில வர்ற 54 மில்லிமீட்டர் ஒத்த பிஸ்டனோட பரப்பு சுமார் 23 சதுர சென்டிமீட்டர். 40 மில்லி பிஸ்டன் நாலு இருக்கற காலிப்பர்ல ஒரு பக்கத்து ரெண்டைத்தான் ஒப்பிடணும், அது 25. வித்தியாசம் பத்து சதவீதம் கூட இல்ல. அதுக்கும் மேல பெரிய பிஸ்டன் போட்டா அதே மாஸ்டர் சிலிண்டர் கூடுதலா ஆயில் தள்ளணும், பெடல் இன்னும் ஆழமா போகும், "பெரிய கிட்டு போட்டேன் பெடல் லூசாயிடுச்சு"ன்னு பொலம்பறவங்க கதை இதான். இதுக்கு பதிலா அதே காலிப்பரை வச்சுக்கினு டிஸ்க்கை மட்டும் பெருசாக்கறது நல்ல வழி. மொதல் தலைமுறை ஆக்டேவியா, நாலாவது தலைமுறை கோல்ஃப் எல்லாம் ஒரே பிளாட்பார்ம், இதுல 288 மில்லி டிஸ்க் இருக்கற வண்டிக்கு 312 போட கேரியர் (காலிப்பரை தாங்கற பிராக்கெட்), டிஸ்க், பேட் மூணும் மாத்தினா போதும், பிடி சுமார் பத்து சதவீதம் ஏறும். ஆனா அதை விட சின்ன டிஸ்க்கோட வந்த வண்டின்னா காலிப்பர் மாட்டற எடமே வேற, வீல் பேரிங் உக்கார்ற ஹப் ஹவுசிங் வரைக்கும் மாத்தற வேலை போகும், பர்ஸ் கிழியும். 312க்கு 16 இஞ்ச் வீலாவது வேணும், அதுலயும் ஸ்போக் காலிப்பர்ல இடிக்குதான்னு அட்டைல வெட்டி வச்சு பாக்காம துட்டு குடுக்காதீங்க.

முன்னாடி மட்டும் ஏத்திக்கினே போனா பின் பிரேக் சும்மா உக்காந்திருக்கும். அதை சரி பண்றேன்னு ஏபிஎஸ் இல்லாத வண்டில பின்னாடி பெருசா போட்டா மழையில பின்பக்கம் முன்ன வந்து நிக்கும். ரெண்டாவதுதான் ஆளைக் கொல்ற தப்பு.

ஓட்டை போட்ட டிஸ்க் பாக்க சோக்கா இருக்கும், ஓட்டை ஓட்டையா விரிசல் விடும். வேணாம்.

புதுப்பேட்டைல பெரிய வண்டியோட காலிப்பர் கிடைக்கும், நானும் வாங்கிருக்கேன், தப்பில்ல. ஆனா அப்படியே மாட்டக்கூடாது, பிஸ்டனை வெளிய எடுத்து, துரு குழி இருக்கான்னு நகத்தால தடவி பாத்து, சீல் கிட் புதுசா போட்டு அப்புறம்தான். டிஸ்க், ஹோஸ் ரெண்டையும் பழசுல வாங்கவே வாங்காதீங்க. ஹோஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ற கடைல போயி பிரேக் ஹோஸ் அடிச்சுக்கினு வந்த மகாராசன் ஒருத்தர எனக்குத் தெரியும். பிரஷர் தாங்கும்ல தலங்கறாரு. பிரஷர் தாங்கும்யா, உள்ள இருக்கற ரப்பர் பிரேக் ஆயிலுக்கு செஞ்சது இல்லயே, அது ஊதி உரிஞ்சு வந்து வழியை அடைச்சா மிதிச்ச பிரேக் விடாது.

டிஸ்க் கோணிடுச்சு, ஸ்டீயரிங் உதறுதுன்னு புது டிஸ்க் போட்டு, ரெண்டு மாசத்துல திரும்ப உதறுதா? பெரும்பாலும் டிஸ்க் கோணறதே இல்ல, டிஸ்க்குக்கு பின்னாடி ஹப் முகத்துல துரு ஒட்டிக்கினு இருக்கும், அது மேலயே புதுசு மாட்டினா டிஸ்க் தலைமுடி தடிமனுக்கு சாஞ்சு சுத்தும், சுத்தற சுத்துல ஒரு பக்கம் மட்டும் தேயும். வயர் பிரஷ் போட்டு ஹப் பளபளன்னு ஆன பிறகு டயல் கேஜ் வச்சு டிஸ்க் எவ்ளோ ஆடுதுன்னு பாக்க சொல்லுங்க, 0.05 மில்லிக்குள்ள இருக்கணும். லேத்ல கொடுத்து அடிக்கறதுன்னா டிஸ்க் மேலயே மினிமம் திக்னஸ் குத்திருப்பாங்க, அதுக்கு கீழ போனா கடாசிடுங்க.

ஆக்டேவியா மாதிரி பின் காலிப்பர்லயே ஹேண்ட் பிரேக் இருக்கற வண்டில பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு அமுக்கக்கூடாது, சுத்தி சுத்தித்தான் உள்ள அனுப்பணும். அமுக்கினா உள்ள இருக்கற மரை போயிடும்.

எல்லாம் மாட்டினதும் பேடும் டிஸ்க்கும் பழகணும். நான் ஞாயித்துக்கிழமை விடிகாலைல அவுட்டர் ரிங் ரோட்டுக்கு மீஞ்சூர் பக்கமா ஏறிடுவேன், பின்னாடி யாரும் இல்லாதப்போ 60ல இருந்து 10 வரைக்கும், முழுசா நிக்காம, பத்து தடவை, நடுநடுவுல கொஞ்சம் காத்து வாங்க விட்டு. சூடா இருக்கறப்போ பிரேக்கை மிதிச்சபடி நிக்காதீங்க, பேட் நின்ன எடத்துல மட்டும் படிஞ்சு அதுவே அப்பால உதறலாகும். அப்புறம் பத்து நிமிஷம் சும்மா ஓட்டி ஆற விடுங்க.

ஆனா அங்க போறதுக்கு முன்னாடி, ஷெட்ல இருந்து வண்டியை நகத்தறதுக்கும் முன்னாடி, பெடலை கெட்டியாகற வரைக்கும் மிதிங்க. பேட் மாத்த பிஸ்டனை உள்ள தள்ளிருப்பாங்கல்ல, மொதல் நாலு மிதிக்கு பெடல் தரைக்கு போகும், பிரேக்கே இருக்காது. நம்ம ஹோஸ் மகாராசன் அதையும் பண்ணாரு, கெத்தா ரிவர்ஸ் போட்டு வெளிய எடுத்தாரு, எதிர் டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த பெருசு கிளாஸோட எழுந்துட்டாரு, பெஞ்சு போச்சு, டீ சிந்தல.