மரப்பெட்டியில் வந்த மெஷினைப் பிரிக்கும் முன்

லேத், டிரில்லிங் மெஷின் மாதிரி கனமான சாமான் மரப்பெட்டியில் வந்து இறங்கினால், கடப்பாரையைத் தேடும் முன் போனை எடுங்கள். நான்கு பக்கமும் படம் பிடியுங்கள். உடைந்த பலகை, ஈரக்கறை இருந்தால் கிட்டத்தில் போய் இன்னொன்று. பெட்டியில் ஒட்டியிருக்கும் அதிர்வு காட்டி (பெட்டி பலமாக இடிபட்டால் நிறம் மாறும் சின்ன வில்லை) சிவப்பாகியிருந்தால், லாரி கிளம்பும் முன்பே டெலிவரி ரசீதில் அதை எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

முதலில் மேல்மூடி, அப்புறம் பக்கப் பலகைகள். ஆணி பிடுங்கும் கம்பிக்கு அடியில் ஒரு துண்டுக் கட்டையை வைத்து நெம்பினால் பாதி பலம் போதும். கம்பி முனையை உள்ளே ஆழமாக விடாதீர்கள், பேனல் காலி. கழற்றிய பலகையில் துருத்தி நிற்கும் ஆணியை அப்போதே மடக்குங்கள். செருப்புக்காலோடு மிதிக்க யாராவது ஒருவர் வருவார்.

மெஷினை அடிக்கட்டையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றாமல் மெஷினைத் தூக்கக் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே நகரும் பாகங்களை அசையுங்கள்.

பலகையை விறகாக்கும் எண்ணமிருந்தால் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ‘ஹெச்.டி.’ (HT) என்றிருந்தால், 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய மரம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற பூச்சி கொல்லும் விஷவாயுவால் புகை போட்டது; அதை அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.