ஊருக்கு உழைக்கிறவரிடம் உட்கார்ந்து பேசுவது எப்படி?

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். யாரும் சொல்லாமல் கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறவர், சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிற அக்கா, இப்படி யாராவது. அவரிடம் பேசி எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.

போவது அவர் வீட்டுக்கு வேண்டாம். வேலை நடக்கிற இடத்துக்கு, வேலை நடக்கிற நேரத்துக்குப் போங்கள். பக்கத்து ஊரில் கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரை நான் முதலில் வீட்டில்தான் பார்த்தேன். "ஐயா, உங்க சேவையப் பத்திச் சொல்லுங்க" என்றேன். "நான் என்னத்த தம்பி பெருசா செஞ்சுட்டேன், காப்பி குடிங்க" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் விடிகாலையில் கரைக்கே போய்விட்டேன். ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே "இந்த மடையத் தொறக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு தம்பி" என்று ஆரம்பித்தவர், கலுங்கு (மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால்), எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யாரோடு சண்டை, யார் வந்து சமாதானம் பேசினார்கள் என்று ஒன்றரை மணி நேரம் நிறுத்தவே இல்லை.

"ஏன் இதைச் செய்றீங்க?" என்று தொடங்காதீர்கள். "ஏதோ நம்மால முடிஞ்சது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு ஆளாகப் பேசுவார். செலவுக்கு என்ன செய்கிறார் என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும், மரியாதைக்குறைவு என்று நினைத்து நாம் விட்டுவிடுகிற கேள்வி அது. கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பது 2019இல் நாடெங்கும் பரவியது. விலையோடு சேர்த்து அவர் விறகடுப்பில் சமைப்பதும் வெளியே தெரிந்ததால்தான் எரிவாயு இணைப்பு வீடு தேடி வந்தது.

ஏற்கெனவே பெயர் பெற்றவர் என்றால், ஊருக்கெல்லாம் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா என்றதும், 2001இல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதுதான் நமக்கு ஞாபகம் வரும். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் விவசாயக் கூலிப் பெண்களுக்குக் கொத்துத் தலைவியாக, அதாவது வேலைக்குழுவின் தலைவியாக இருந்து, நிலக்காரர்களிடம் அவர்களுக்காகக் கூலி பேசியவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நான் அவரிடம் கேட்பதாக இருந்தால், முதல் தடவை கூலி பேசப் போன அன்று என்ன நடந்தது என்பதைத்தான் கேட்பேன்.

வருடம் கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். "எம்ஜிஆர் செத்தப்பவா, அதுக்கு முன்னாடியா?" என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார்கள் (அது 1987). கடற்கரை ஊர்களில் சுனாமி, டெல்டாவில் கஜா புயல் என்று அந்தந்த ஊருக்குத் தகுந்த அடையாளம் இருக்கும்.

பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அவர் பக்கமாக ஒரு துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள், பத்து வினாடி பேசவிட்டுக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சத்தம் பெரிய தொந்தரவு. அப்புறம், அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். பல நேரம் அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

எழுதியதை வெளியிடும் முன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் போன் நம்பரைக் கேட்காமல் போடாதீர்கள், நாளெல்லாம் அழைப்பு வந்தால் அவர் வேலைதான் கெடும். அந்தக் கண்மாய்ப் பெரியவருக்கு நான் படித்துக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில், "கரை ஒடஞ்சப்ப ராத்திரி முழுக்க மண்ணு சொமந்த பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையே தம்பி" என்றார். ஏழு பேரைச் சொன்னார், ஏழையும் எழுதிச் சேர்த்தேன்.