காப்பகத்துப் பிள்ளைகளுக்கு மதியத் தூக்கம் பழக்குவது எப்படி

திருப்பூர், பல்லடம், அவிநாசி பக்கம் எந்தக் குழந்தைகள் காப்பகத்தில் கேட்டாலும் ஆயாக்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "பன்னெண்டரைக்குப் படுக்க வெச்சா ஒண்ணரை வரைக்கும் பொரண்டுட்டே இருக்குதுங்க." அதே குழந்தை வீட்டில் சேலைத் தொட்டிலில் போட்டதும் உறங்கிவிடும். உடனே பிடிவாதக்காரப் பிள்ளை என்று பேர் வைத்துவிடுகிறோம். அது பாவம். காலையில் குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது, வண்டியில் வரும்போது கண்ணசந்ததா, இடையில் என்ன குடித்தது என்பதிலேயே மதியத் தூக்கத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதிதான் காப்பகத்தின் கையில் இருக்கிறது.

விழித்திருந்த நேரத்தைக் கணக்கிடுங்கள்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் தூக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது போதுமான அளவு ஏறாவிட்டால் எவ்வளவு தட்டினாலும் தூக்கம் வராது. அளவு மீறி ஏறிவிட்டாலும் வராது. களைத்துப்போன குழந்தையின் உடம்பு விழிப்புக்கான ஹார்மோன்களைச் சுரந்து அதைத் துள்ளவும் அழவும் வைக்கும். ஆறு மாதக் குழந்தை இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். ஒரு வயதில் மூன்று முதல் நான்கு மணி நேரம், ஒன்றரை முதல் இரண்டு வயதில் ஐந்து, ஐந்தரை மணி நேரம், மூன்று வயதில் ஆறு மணி நேரம் வரை தாங்கும். குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இப்போது ஒரு பனியன் கம்பெனிக் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வேன் பிடிக்க வேண்டிய அம்மா குழந்தையை ஐந்தரைக்கே எழுப்பிக் குளிப்பாட்டியிருப்பார். பக்கத்துத் தெருவிலிருந்து வரும் குழந்தை ஏழரைக்கு எழுந்திருக்கும். இரண்டுக்கும் இரண்டு வயது. முதல் குழந்தைக்கு பதினொரு மணிக்கே கண் சொக்கும், அடுத்ததற்கு ஒரு மணி ஆனாலும் விளையாட்டுதான். இருவரையும் பன்னிரண்டரைக்கு ஒன்றாகப் படுக்க வைத்தால் ஒன்று களைப்பில் அழும், மற்றொன்று தூக்கம் வராமல் பக்கத்துப் பிள்ளையைச் சுரண்டும். அதனால் இரண்டு பந்தியாகப் பிரியுங்கள். சீக்கிரம் எழுந்தவர்களுக்கு பதினொன்றே காலுக்குச் சாப்பாடு, பதினொன்றே முக்காலுக்குப் பாய். மற்றவர்களுக்கு பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பன்னிரண்டே முக்காலுக்குப் பாய். ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த அட்டவணையே கூடாது. அவர்களில் பலருக்கு இன்னும் காலை ஒரு தூக்கம், மதியம் ஒரு தூக்கம் தேவைப்படும்.

காலையில் வண்டியில் தூங்கும் பத்து நிமிடம் அற்பமாகத் தெரியும். ஆனால் எட்டே காலுக்கு வேனிலோ ஸ்கூட்டர் முன்னாலோ தூங்கிய குழந்தைக்கு ஏறிய அழுத்தத்தில் ஒரு பகுதி இறங்கிவிடும். அன்றைக்கு அந்தக் குழந்தையை அரை மணி நேரம் தள்ளிப் படுக்க வையுங்கள். இதைத் தெரிந்துகொள்ள, குழந்தையை வாங்கும்போதே கேட்க வேண்டும்: "எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்க? வர்றப்போ தூங்கினாங்களா? டீ குடிச்சாங்களா?"

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வர்க்கியோ பன்னோ டீயில் தொட்டுக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். பத்து மணி டீயில் உள்ள கஃபீன் மதியம் வரை உடம்பில் இருக்கும். பெரியவர்களுக்கு அரை டம்ளர் என்பது ஒன்றுமில்லை, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது அதிகம். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் டீ குறைக்கிறது. டீக்குப் பதிலாக ராகிக் கூழோ பாலோ கொடுங்கள்.

தொட்டிலிலிருந்து பாய்க்கு

எங்கே, எப்படித் தூங்கத் தொடங்குகிறதோ, அதையே குழந்தையின் மனம் தூக்கத்துக்கான அடையாளமாகப் பிடித்துக்கொள்ளும். அமுச்சி (அம்மாவின் அம்மா) ஆட்டிவிட, அம்மா சேலை வாசத்தில், உடம்பைச் சுற்றிய துணியின் அணைப்பில் தூங்கிய பிள்ளைக்கு, பரந்த அறையில் தட்டையான பாய் அந்நியமாகத்தான் இருக்கும். இருபது குழந்தைகளுக்கும் தொட்டில் கட்ட காப்பகத்தால் முடியாது, கட்டவும் கூடாது. மடிந்த கழுத்தும் முகத்தை மூடும் துணியும் சின்னக் குழந்தையின் மூச்சுக்கு ஆபத்து.

மாற்றத்தை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, கண் சொக்கும் நேரத்தில் ஆட்டுவதை நிறுத்தி, நின்ற தொட்டிலில் தூங்கவிடுங்கள். அடுத்த வாரம் பகல் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றுங்கள். இரவுத் தொட்டிலை அப்போதே பிடுங்க வேண்டாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலையை, துவைக்காமல், நான்காக மடித்து விரிப்பாகக் கொடுத்தனுப்புங்கள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தளர்ந்த துணி எதுவும் வேண்டாம். மெத்தை கெட்டியாகவும் தட்டையாகவும் இருக்கட்டும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, பொம்மை, வாயில் சாய்த்து வைத்த பால் புட்டி எதுவும் பக்கத்தில் கூடாது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதல் வாரம் இருபது நிமிடம் தூங்கினாலே நல்லது. கண்ணை மூடினால் அம்மா வந்துபோவது தெரியாமல் போய்விடும் என்ற பயம் அதற்கு. அழும் பிள்ளையைத் தனியே விட வேண்டாம். தினமும் ஒரே ஆயா பக்கத்தில் உட்காரட்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்றால், அவர்கள் வீட்டில் தூங்க வைக்கும்போது சொல்லும் இரண்டு வார்த்தையை அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "கண்ணு, சாமி" என்பது அந்தக் குழந்தையின் காதில் இன்னும் வெறும் சத்தம்தான்.

அறை

தறிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். சோமனூர் பக்கம் தறிக்குடோனுக்கு அடுத்த வீட்டிலேயே பிள்ளைகள் நன்றாகத் தூங்குகின்றன. ஒரே சீராக ஓடும் ஓசைக்குக் காது பழகிவிடும், திடீர் மாற்றம்தான் எழுப்பிவிடும். கரண்ட் போய் தறியும் ஃபேனும் ஒன்றாக நின்றதும் பிள்ளைகள் வரிசையாக எழுவது அதனால்தான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து, ஃபேனை இன்வெர்ட்டரில் போடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடத்தில் கதவுகளை அறையும். பனியன் வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துணியைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். பாத்திரம் கழுவுவதையும் போனையும் அந்த ஒன்றரை மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும், சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் அது நடக்காது. தூங்கும் அறையைக் கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத பக்கம் வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் தரையை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாய் விரியுங்கள். ஜன்னலுக்கு அடர்நிறப் பழஞ்சேலை இரண்டு மடிப்பு போதும். முழு இருட்டு வேண்டாம், ஒவ்வொரு முகத்தின் நிறமும் மூச்சும் தெரிய வேண்டும். பாய்களுக்கு நடுவே மூன்றடி இடைவெளி விட்டு, ஒரு குழந்தையின் தலை இருக்கும் பக்கம் அடுத்ததன் கால் வருமாறு போடுங்கள். முகம் பார்த்துச் சிரிப்பதும் இருமல் பரவுவதும் குறையும்.

பாய்க்கு முந்தைய அரை மணி நேரம்

தினமும் ஒரே வரிசை. இது மாறவே கூடாது. அரிசிம்பருப்பு சாதம் மாதிரி குழைவான, காரமில்லாத சாப்பாடு. பிறகு வாய் கொப்பளிப்பு. கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு படுக்கும் பிள்ளைகள் உண்டு, விரலால் பார்த்துவிடுங்கள், அப்படியே தூங்கினால் மூச்சில் அடைத்துவிடும். அடுத்து ஒண்ணுக்கு, கைகால் முகம் கழுவுவது, டயப்பர் மாற்றுவது. கழுத்துக் கயிறு, தாயத்து, கொலுசு இருந்தால் கழற்றிப் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள். பிறகு திரையை இழுத்து ஒரே ஒரு பாட்டு, தினமும் அதே பாட்டு. தட்டுவதானால் நொடிக்கு ஒன்று என்ற மெதுவான கணக்கில். இமை இறங்கியதும் தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் முதுகில் வைத்திருங்கள். முழுக்கத் தூங்கும்வரை தட்டினால், நடுவில் விழிக்கும்போதும் தட்டத்தான் கேட்கும்.

நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் பல குழந்தைகள் எழுந்துவிடும். ஒரு தூக்கச் சுற்று முடிந்து லேசாகும் நேரம் அது. அப்படி எழும் பிள்ளையின் பக்கத்தில் முப்பத்தைந்தாவது நிமிடமே உட்கார்ந்து, அசைந்ததும் நெஞ்சில் கை வையுங்கள். பாதி நேரம் அடுத்த சுற்றுக்குள் போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரையும் சுற்றிப் பாருங்கள்.

அம்மா வந்துபோகும் நேரமும் பெரிய இடைஞ்சல். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை வரும் உரிமையைத் தாய்க்குத் தந்தது. ஆனால் கம்பெனிச் சாப்பாட்டு நேரமும் குழந்தை அசரும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகிறது. ஒரு மணிக்கு அம்மா முகம் பார்த்த பிள்ளை மறுபடி தூங்காது. பால் குடிக்கும் குழந்தை என்றால் அம்மா வந்து பால் கொடுத்து ஏப்பம் விடவைத்து, குழந்தை அசந்த பிறகு போவது மாதிரி நேரத்தை மாற்றுங்கள். பெரிய பிள்ளை என்றால் அம்மா இரண்டரைக்கு மேல் வரட்டும். சூப்பர்வைசரிடம் இதைக் காப்பகப் பொறுப்பாளரே பேசினால் அம்மாக்களுக்குச் சங்கடம் இல்லை.

அரை மணி நேரம் படுத்தும் தூங்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மிரட்டித் தூங்க வைத்த பாய் அடுத்த நாள் பார்த்ததுமே அழ வைக்கும். தனி மூலையில் படப் புத்தகம், களிமண் கொடுங்கள், செல்போன் வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் சிலருக்கு மதியத் தூக்கமே தேவையில்லை, இரவில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூங்கினால் போதும். தூங்குபவர்களையும் மூன்று மணிக்கு மேல் விடாதீர்கள். முதலில் திரையை விலக்கிப் பத்து நிமிடம் வெளிச்சம் படட்டும், பிறகு பெயர் சொல்லுங்கள். உலுக்கி எழுப்பினால் அரை மணி நேரம் அழும்.

ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கும் வீடுகளில் ராத்திரி எட்டரைக்குத்தான் குழந்தையை அழைத்துப்போக முடியும். வழியில் தூங்கி, வீட்டில் எழுந்து, பதினொன்று வரை விளையாடி, ஐந்தரைக்கு மறுபடி எழுப்பப்படும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏழு மணிக்கே காப்பகத்தில் சாப்பாடு கொடுத்து உடை மாற்றிவிடுங்கள். வழியில் தூங்கினால் வீட்டில் விளக்குப் போடாமல் அப்படியே படுக்க வைக்கலாம்.

தூங்க வைக்க மருந்து கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. சளி சிரப், கசகசா அரைத்த பால், ஜாதிக்காய் உரசல் எதுவானாலும் சரி. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. மயங்கிக் கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் தலையைத் திருப்பக்கூட அதால் முடியாது.

காலையில் எழுந்த நேரம், வண்டித் தூக்கம், டீ, படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள். திங்கட்கிழமை மட்டும் கெட்டால் ஞாயிறு வீட்டில் நேரம் மாறியிருக்கும். தினமும் கெட்டு, குழந்தை குறட்டை விட்டாலோ, வாயால் மூச்சு விட்டாலோ, தூக்கத்தில் கால்களை ஓயாமல் உதைத்தாலோ, வெளிறியிருந்தாலோ அடினாய்டோ (மூக்குக்குப் பின்னால் வளரும் சதை) ரத்தசோகையோ காரணமாக இருக்கலாம். அந்த நோட்டோடு குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.