உருளையோட கன அளவு கண்டுபிடிக்கணுமா? ஆரத்தை மட்டும் கரெக்டா எடுங்க

தண்ணி டேங்க், டிரம், பெயிண்ட் டப்பா, பைப்னு சிலிண்டர் ஷேப்ல எது இருந்தாலும் கணக்கு ஒண்ணுதாங்க. அடியில இருக்கிற வட்டத்தோட பரப்பளவை கண்டுபிடிச்சு உயரத்தால பெருக்கணும். வட்டத்தோட பரப்பு பை × ஆரம் × ஆரம், அதனால மொத்த ஃபார்முலா பை × ஆரம் × ஆரம் × உயரம். பைக்கு 3.1416 போடுங்க, ஆரம் 7, 14, 35னு ஏழால வகுபடுற மாதிரி வந்தா 22/7 போட்டா மனசுலயே முடிஞ்சிரும்.

ஒரு டேங்க் எடுத்துக்குவோம், விட்டம் 90 செ.மீ, உயரம் 120 செ.மீ. ஆரம்னா விட்டத்துல பாதி, அப்போ 45. 45 × 45 = 2025, அதை 3.1416ஆல பெருக்கினா 6361.74, அதை 120ஆல பெருக்கினா சுமார் 7,63,409 கன செ.மீ வரும். 1000 கன செ.மீ ஒரு லிட்டர், அதனால டேங்க் கிட்டத்தட்ட 763 லிட்டர். எல்லா அளவும் ஒரே யூனிட்ல இருக்கணும், ஒண்ணு செ.மீ இன்னொண்ணு மீட்டர்னு கலந்தா விடை எங்கயோ போயிரும்.

நிறைய பேர் சறுக்குறது ஆரத்துலதான். பாதியாக்க மறந்துட்டு 90ஐ அப்படியே போட்டா 3053 லிட்டர்னு வரும், நாலு மடங்கு! ஏன்னா ஆரத்தை ரெண்டு தடவை பெருக்குறோம், அதுல வர்ற தப்பும் சேர்ந்தே பெருகும். உயரத்துல 1 சதவீதம் தப்பு நடந்தா விடையில 1 சதவீதம்தான் மாறும், ஆரத்துல 1 சதவீதம்னா கிட்டத்தட்ட 2 சதவீதம் மாறும். அதனால டேப்பை வாய்ப்பக்கம் ரெண்டு மூணு திசையில வெச்சு அளந்து பாருங்க, வர்றதுலயே பெரிய அளவுதான் விட்டம், நடுவுல போகாத கோடு எப்பவுமே சின்னதாதான் இருக்கும்.

இன்னொண்ணு, உள்ள எவ்வளவு பிடிக்கும்னு தெரியணும்னா உள்பக்க விட்டத்தைதான் எடுக்கணும். மேல சொன்ன 90 வெளிப்பக்க அளவா இருந்து சுவர் 1 செ.மீ தடிமன்னா உள் ஆரம் 44தான், அப்போ சுமார் 730 லிட்டர். ஒரே ஒரு செ.மீ, 33 லிட்டர் போயிருச்சு பாருங்க.

மூடி கழட்ட முடியாத டிரம்னா இஞ்ச் டேப்பை சுத்தி வெச்சு சுற்றளவு எடுங்க. சுற்றளவு × சுற்றளவு, அதை 12.57ஆல வகுத்து உயரத்தால பெருக்கணும். 220 செ.மீ சுற்றளவு, 100 செ.மீ உயரம்னா 385 லிட்டர், ஆனா இது வெளி அளவுங்கிறதால உள்ள கொஞ்சம் கம்மியாதான் பிடிக்கும்.

படுக்க வெச்ச டேங்க்னாலும் முழு கொள்ளளவுக்கு இதே கணக்குதான், உயரத்துக்குப் பதிலா நீளம் போடுங்க. ஆனா அதுல கால்வாசி உயரத்துக்கு தண்ணி நின்னா கால்வாசி தண்ணின்னு நினைச்சுராதீங்க, அடியில வளைஞ்சு குறுகலா இருக்கிறதால அஞ்சுல ஒரு பங்கு கூட முழுசா இருக்காது, பாதி உயரத்துல மட்டும்தான் சரியா பாதி இருக்கும்.