ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறீர்களா? சேரும் முன் கையையும் காதையும் பழக்குங்கள்

அவசர மருத்துவப் பயிற்சியில் சேர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்றால், மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அங்கே நேரம் போதாமல் போவது கைப்பழக்கத்துக்குத்தான். நலமாக இருப்பவர்களின் நாடியும் மூச்சும் பி.பி.யும் உங்களுக்கு அத்துப்படியாக இருந்தால், நோயாளியிடம் மாறுதல் தெரியும்போது உடனே பிடிபடும்.

முதலில் ஒரு முதலுதவி, சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் மார்பை அழுத்திக் காப்பாற்றும் முறை) வகுப்புக்குப் போய்விடுங்கள். வீடியோ போதாது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பதைப் பொம்மையின் மேல் கை வைத்தால்தான் உணர முடியும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழ விட வேண்டும். உயிருள்ளவர் மேல் ஒருபோதும் பழகிப் பார்க்காதீர்கள்.

அடுத்தது நாடி. கட்டைவிரலில் பிடிக்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பிவிடும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து 30 வினாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். சீராக இல்லையென்றால் முழு நிமிடம். ஓய்வில் 60 முதல் 100 வரை இருக்கும். எண்ணி முடித்தும் கையை விடாமல், பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி மூச்சை எண்ணுங்கள். மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் அவருடைய மூச்சே மாறிவிடும். 12 முதல் 20 வரை வழக்கமானது.

இனி பி.பி. பெரும்பாலானவர்கள் திணறுவது இங்கேதான். டிஜிட்டல் கருவி வீட்டுக்கு நல்லதுதான், ஆனால் பழகுவதற்கு முள் உள்ள கைக்கருவியையும் ஸ்டெதஸ்கோப்பையும்தான் நான் சொல்வேன். வண்டி குலுங்கும்போது டிஜிட்டல் தடுமாறும். ஸ்டெதஸ்கோப் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

அளக்கப்படுபவர் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரட்டும். கை இதய உயரத்தில், சட்டைத்துணி இடையில் இல்லாமல் இருக்க வேண்டும். கையில் சுற்றும் காற்றுப்பட்டையான கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே. மடிப்பின் உட்புறத்தில் துடிப்பைத் தொட்டுப் பார்த்து, அந்த இடத்திலேயே ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். காதுக்குமிழ்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், திருப்பி மாட்டினால் சத்தம் அடைபடும். ஸ்டெதஸ்கோப்பின் நுனியில் உள்ள வட்டை விரலால் மெல்லத் தட்டினாலே சரியான பக்கம் திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றை ஏற்றி, அது எந்த எண்ணில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, அந்த எண்ணுக்கு 30 மேலே ஏற்றுங்கள். அப்புறம் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். வினாடிக்கு 2 அல்லது 3 புள்ளி இறங்கினால் போதும், டயலில் அது ஏறக்குறைய ஒரு சிறு கோடுதான். இந்த விரல் கட்டுப்பாடுதான் முழு வித்தையும். வேகமாக விட்டால் முதல் சத்தம் தப்பிவிடும். முதல் 'டப்' மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். சத்தம் வருமுன்பே முள் துள்ள ஆரம்பிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். காதை நம்புங்கள். கேட்ட எண்ணை 120, 130 என்று பத்துகளாக மாற்றிச் சொல்லவும் வேண்டாம்.

உடற்பயிற்சியில் கால், இடுப்பு, கைப்பிடிக்கு முதலிடம் கொடுங்கள். எடையைச் சுமந்து படியேறி இறங்கிப் பழகுங்கள். தூக்கும்போது சுமை உடலை ஒட்டியே இருக்கட்டும், முதுகை முறுக்காதீர்கள்.

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். வழக்கமான மூன்று தவணைகள் 0, 1, 6 மாதங்களில் வருவதால் முடிக்கவே அரை ஆண்டு ஆகும்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் பி.பி. அதிகமாகக் காட்டும், அளவு பார்த்து வாங்குங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் கஃப் கட்டவே கூடாது, பழகும் முன் கேட்டுவிடுங்கள். பழகும்போது யாருக்காவது எண் அதிகமாக வந்தால், சற்று ஓய்வுக்குப் பின் மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது.