மண்டலக் கரிம வணிகத்தின் விளைவை மதிப்பிடும் முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் 2009-இல் நடைமுறைப்படுத்திய ‘ரெஜி’ எனும் மண்டலப் பசுங்குடில் வாயுத் திட்டம், 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள, புதைபடிவ எரிபொருளில் இயங்கும் மின்நிலையங்களையே கட்டுப்படுத்துகிறது. ஆகவே அதன் விளைவை ஆராய்பவர் வாகனப் புகையை முதலிலேயே கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

அடுத்து, இந்த மின்நிலையங்கள் மொத்தமாக வெளியிடலாம் எனத் திட்டம் விதிக்கும் கரியமில வாயு உச்சவரம்பையும் உண்மையான உமிழ்வையும் ஆண்டுவாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் மலிவான இயற்கை எரிவாயு நிலக்கரியை ஓரங்கட்டியதாலும் மின்தேவை தளர்ந்ததாலும் உமிழ்வு வரம்புக்கு வெகு கீழே நின்றது, உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் மின்நிலையங்கள் வைத்திருக்க வேண்டிய, ஏலத்தில் விற்கப்படும் உரிமங்களின் விலையும் ஏலத்தின் அடிவிலையில் முடங்கியது. 2014-இல் வரம்பு 9.1 கோடி குறு டன்னாக (ஒரு குறு டன் சுமார் 907 கிலோ) குறைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். எரிவாயு விலையைத் தனியே பிரித்தெடுக்காத எந்த ஆய்வும், என் கருத்தில், திட்டத்துக்கு உரியதைவிட அதிகப் புகழையே தரும்.

பிறகு எல்லைக்கு வெளியே பார்க்க வேண்டும். உள்ளே உற்பத்தி குறைந்து, திட்டத்தில் சேராத அண்டை மாநிலங்களிலிருந்து மின் இறக்குமதி கூடியிருந்தால், உமிழ்வு ஒழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. நியூஜெர்சி 2011 இறுதியில் விலகி 2020-இல் மீண்டும் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான சான்று எளிதில் கிடைக்காது.

பொருளாதாரக் கணக்கில், மின்விலை உயர்வோடு நிறுத்திவிடாமல், காலாண்டு ஏலத்தில் திரண்ட பணம் எங்கே போனது என்பதையும் தொடருங்கள்: அது வீடுகளின் மின்சிக்கனத்துக்குச் செலவானால், விலை ஏறியும் கட்டணத் தொகை குறையக்கூடும்.